நாடு காத்தவர்கள்: பாரசீகம் முதல் வெள்ளாற்றங்கரை வரை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஓர் இலக்கிய அமைப்பு பத்தாண்டுகள் தளராமல் நடப்பது எளிதன்று. அந்த மகிழ்ச்சியில் பங்குகொள்ள அழைத்தீர்கள். பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே தந்தீர்கள். பாரசீகப் பேரரசின் மாகாணங்களைப் பற்றியும் அவற்றை ஆண்டவர்களைப் பற்றியும் பேசப் போகிறேன் என்றதும், புதுக்கோட்டைக்கும் பாரசீகத்துக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் சிலர் வியந்தார்கள். உறவு உண்டு. தொலைவில் இருக்கும் பேரரசன் ஒருவன், அருகில் இருக்கும் மக்கள் பலர், இருவருக்கும் நடுவில் நாட்டை ஆளும் ஒருவன். இந்த மூன்றாமவன் யாருடைய ஆள்? அரசனுடையவனா, மக்களுடையவனா, தனக்குத்தானே உரியவனா? உலக வரலாற்றில் இக்கேள்வியைப் பேரளவில் முதலில் சந்தித்தவர்களுள் பாரசீகர் முதன்மையானவர்கள். அதே கேள்வியை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தன் கற்களில் எழுதிவைத்திருக்கும் நிலம் நம் புதுக்கோட்டை.

முதலில் பாரசீகத்துக்குச் செல்வோம்.

கி.மு. ஆறாம் நூற்றாண்டின் நடுவில் சைரஸ் மாமன்னன் தொடங்கிய பேரரசு, முதலாம் டேரியஸ் காலத்தில், அதாவது கி.மு. 522-க்கும் 486-க்கும் இடையில், மேற்கே எகிப்து முதல் கிழக்கே சிந்துவெளி வரை பரந்தது. ஈரானின் பெகிஸ்தூன் மலைச்சரிவில், பழம்பாரசீகம், ஈலம், பாபிலோனியம் ஆகிய மூன்று மொழிகளில் டேரியஸ் வெட்டுவித்த கல்வெட்டு, தன் ஆணைக்கு அடங்கிய 23 நாடுகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. நம் துணைக்கண்டத்துக் காந்தாரமும் அப்பட்டியலில் உண்டு. பிற்காலக் கல்வெட்டுகளில் சிந்து நாடும் சேர்ந்துகொள்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் இப்பேரரசை 20 மாகாணங்களாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றும் செலுத்திய திறையையும் குறித்திருக்கிறார். இருபதாவதாகிய இந்திய மாகாணம் ஆண்டுக்கு 360 தாலந்து எடையுள்ள பொற்றூளைச் செலுத்தியது என்பதும், பேரரசின் தாயகமாகிய பாரசீக நாடு மட்டும் திறை செலுத்தவில்லை என்பதும் அவர் கூற்று. எந்தப் பேரரசிலும் தலைநகரம் வாங்கும், மாகாணம் கொடுக்கும் என்ற நியதி அன்றே எழுதப்பட்டுவிட்டது.

இம்மாகாணங்களை ஆண்டவருக்குப் பாரசீகர் இட்ட பெயரைக் கிரேக்கர் தம் நாவுக்கேற்பச் 'சத்ரப்' என்று திரித்தார்கள். பழம்பாரசீக மூலச்சொல்லுக்கு 'ஆட்சியைக் காப்பவன்' என்பது பொருள். நம் மொழியில் 'காவலன்' என்றால் அரசன். அங்கோ காவலன் என்பவன் அரசனுக்காகக் காப்பவன். ஒரே சொல் ஓரிடத்தில் உரிமையாகவும் மற்றோரிடத்தில் பணியாகவும் நிற்கிறது. இவ்வுரை முழுவதும் அந்த வேறுபாட்டைத்தான் தொடர்ந்து செல்லப் போகிறது.

சத்ரப்பின் கடமைகள் பல. திறை திரட்ட வேண்டும்; படை தர வேண்டும்; வழக்குத் தீர்க்க வேண்டும்; சாலைகளைக் காக்க வேண்டும். இத்தனை அதிகாரத்தை ஒருவன் கையில் ஒப்படைத்தபின் அரசனுக்கு உறக்கம் வருமா? அதனால் டேரியஸ் தன் உடன்பிறந்தானாகிய அர்த்தபெர்னஸ் போன்ற உறவினரைச் சார்திஸ் போன்ற முக்கிய நகரங்களுக்கு அனுப்பினான். சத்ரப்பின் அருகிலேயே அரசனுடைய எழுத்தரும் இருந்தார்கள். 'அரசனின் கண்' என்று அழைக்கப்பட்ட மேற்பார்வையாளரைப் பற்றியும் கிரேக்க நூல்கள் பேசுகின்றன.

ஹெரோடோட்டஸ் கூறும் இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே சொல்ல வேண்டும்.

முதலாவது, சார்திஸ் நகரில் சத்ரப்பாக இருந்த ஒரோயட்டஸைப் பற்றியது. அரசன் அனுப்பிய தூதனையே கொன்ற செருக்குடையவன் அவன். ஆயிரம் பாரசீக வீரர்கள் அவனுக்கு மெய்க்காவல். படையெடுத்து அவனை அடக்க டேரியஸ் விரும்பவில்லை. பாகயஸ் என்பவன் சில ஓலைகளோடு தனியே சார்திஸுக்குச் சென்றான். அவற்றில் அரச முத்திரை இருந்தது. சத்ரப்பின் முன்னிலையிலேயே அவற்றை ஒவ்வொன்றாக அரசனின் எழுத்தரிடம் கொடுத்துப் படிக்கச் செய்தான். வீரர்கள் ஓலைகளை வணங்கிக் கேட்பதைக் கவனித்தான். பிறகு ஒரோயட்டஸுக்குக் காவல் நிற்க வேண்டாம் என்ற ஓலை படிக்கப்பட்டது; வீரர்கள் தம் ஈட்டிகளைத் தாழ்த்தினார்கள். இறுதி ஓலை அவனைக் கொல்லச் சொன்னது, கொன்றார்கள். ஒரு வாளும் அரசனிடமிருந்து வரவில்லை. எழுத்து மட்டுமே வந்தது. எழுத்தை ஆள்பவர்களாகிய கவிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை ஆழ்ந்து நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, எகிப்தின் சத்ரப் ஆரியாண்டஸின் கதை. டேரியஸ் மாசற்ற பொன்னில் நாணயம் வெளியிட்டான். ஆரியாண்டஸ் அதேபோல் மாசற்ற வெள்ளியில் வெளியிட்டான். வெளிப்படையான குற்றச்சாட்டு வேறொன்றாக இருந்தபோதிலும், அரசனுக்கு நிகராகத் தன்னை நிறுத்திக்கொண்ட அந்தச் செயலே அவன் உயிரை வாங்கியது என்பது ஹெரோடோட்டஸின் கருத்து. காசு என்பது கைக்கு அடங்கும் ஆட்சி உரிமை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காசு ஒன்றைப் பற்றிப் பேசும்போது இது பயன்படும்.

காலம் செல்லச் செல்லப் பாரசீகத்தின் பிடி தளர்ந்தது. கேரியா நாட்டின் மௌசோலஸ் பெயரளவில் சத்ரப், நடப்பில் அரசன். அவனுக்கு எழுப்பப்பட்ட கல்லறை உலகின் ஏழு அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. கி.மு. 331-இல் அலெக்சாந்தர் பாபிலோனை அடைந்தபோது, அதுவரை பாரசீக மன்னனுக்காகப் போரிட்ட மசேயஸ் நகரை ஒப்படைத்தான். புதிய மன்னனின் கீழும் அவனே சத்ரப்பாக அமர்ந்தான். அரசர்கள் மாறினார்கள், இருக்கை மாறவில்லை.

பேரரசு அழிந்த பின்னும் சொல் அழியவில்லை. அது இந்தியாவுக்குள் வந்து 'க்ஷத்ரப' என்று வடமொழி உருவம் பெற்றது. மேற்கிந்தியாவில் சகர் மரபினர் அப்பட்டத்தைத் தாங்கி ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஆண்டார்கள். அவர்கள் காசுகளில் 'மகாக்ஷத்ரப' என்றே பொறித்துக்கொண்டார்கள். மாகாணக் காவலனைக் குறித்த பெயர் மன்னர்களின் விருதுப்பெயராகவே உயர்ந்துவிட்டது. அவர்களுள் புகழ்பெற்றவன் முதலாம் ருத்ரதாமன். குசராத்தின் ஜுனாகட்டில், அசோகனின் கட்டளைகள் வெட்டப்பட்ட அதே பாறையில், கி.பி. 150-ஐ ஒட்டி அவன் ஒரு கல்வெட்டை வெட்டுவித்தான். வடமொழியில் கிடைத்துள்ள நீண்ட உரைநடைக் கல்வெட்டுகளுள் காலத்தால் முந்தியதாக அறிஞர் அதனைப் போற்றுவர். உரையிலும் செய்யுளிலும் தேர்ந்தவன் என்று அது தன் அரசனைப் புகழ்கிறது.

அக்கல்வெட்டு எதைப் பற்றியது என்று எண்ணுகிறீர்கள்? போர் வெற்றியைப் பற்றியதென்று நினைப்போம். உண்மையில் அது ஓர் ஏரியைப் பற்றியது.

சுதர்சனம் என்பது அந்த ஏரியின் பெயர். சந்திரகுப்த மௌரியன் காலத்தில், அந்நாட்டை ஆண்ட வைசியனாகிய புஷ்யகுப்தன் அதனை அமைத்தான். அசோகன் காலத்தில், யவன அரசன் என்று குறிக்கப்படும் துஷாஸ்பன் அதற்கு வாய்க்கால்கள் அமைத்தான். துஷாஸ்பன் என்ற பெயர் பாரசீகச் சாயல் உடையது என்பர் அறிஞர். ருத்ரதாமன் காலத்தில் பெரும்புயலால் கரை உடைந்தது. உடைப்பின் நீளம் 420 முழம், அகலமும் அவ்வளவே, ஆழம் 75 முழம் என்று கல்வெட்டு கணக்குத் தருகிறது. அமைச்சர்கள் இயலாது என்று கைவிரித்தார்கள்; மக்கள் அலறினார்கள். அப்போது சுவிசாகன் என்ற பகலவன், அதாவது பாரசீக வழிவந்த ஆளுநன், அக்கரையை முன்னிலும் வலிதாகக் கட்டி முடித்தான். அதற்காக மக்கள்மேல் வரியோ, வெட்டி வேலையோ, கட்டாய நன்கொடையோ சுமத்தப்படவில்லை. அரசன் தன் கருவூலத்திலிருந்தே செலவிட்டான் என்கிறது அக்கல்வெட்டு. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, குப்தப் பேரரசன் ஸ்கந்தகுப்தன் காலத்தில் கரை மீண்டும் உடைந்தது. அந்நாட்டு ஆளுநன் பர்ணதத்தனின் மகன் சக்ரபாலிதன் அதனைச் சீர்செய்தான். அதே பாறையில் அச்செய்தியும் வெட்டப்பட்டது.

மூன்று பேரரசுகள், நான்கு ஆளுநர்கள், ஓர் ஏரி! இவர்களை அனுப்பிய அரசர்கள் எண்ணற்ற ஆளுநர்களை எண்ணற்ற நாடுகளுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. இந்நால்வர் பெயர் தெரிவதற்குக் காரணம் நீர்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். சத்ரப் என்ற சொல் வெள்ளாற்றங்கரை வரை வரவில்லை; ஆனால் அந்தப் பணி வந்தது, அந்தச் சிக்கலும் வந்தது.

வெள்ளாற்றுக்கு வடக்கே கோனாடு, தெற்கே கானாடு என்பது பழைய பகுப்பு. வடக்கே சோழன், தெற்கே பாண்டியன், தொண்டை மண்டலத்தில் பல்லவன். மூன்று பேரரசுகளின் ஆசைகளும் வந்து உரசும் இடத்தில் அமைந்தது நம் மாவட்டம். இங்கே ஆண்ட சிற்றரசர்களின் பெயர்களைப் பாருங்கள். நார்த்தாமலையில் பழியிலீச்சுரம் என்னும் குடைவரையைப் பல்லவன் நிருபதுங்கவர்மனின் ஏழாம் ஆட்சியாண்டில் குடைவித்தவன் சாத்தன் பழியிலி. அவன் தந்தை விடேல்விடுகு முத்தரையன். விடேல்விடுகு என்பது பல்லவருக்குரிய விருதுப்பெயர். அதே மலையில், இன்று விசயாலய சோழீச்சுரம் என்று வழங்கும் கற்றளியை எடுப்பித்தவன் சாத்தன் பூதி என்னும் முத்தரையன். மழையால் அது சிதைய, மீண்டும் புதுக்கியவன் மல்லன் விதுமன் என்னும் தென்னவன் தமிழதியரையன். தென்னவன் என்பது பாண்டியனின் பெயர். கொடும்பாளூர் வேளிரோ 'செம்பியன் இருக்குவேள்' என்று தம்மை அழைத்துக்கொண்டார்கள். செம்பியன் என்றால் சோழன். தந்தை இட்ட பெயர் ஒரு பாதி, மேலரசன் தந்த பெயர் மறுபாதி. ஒரு சிற்றரசன் யாருக்கு அடங்கியவன் என்பதை அறிய அவன் பெயரைக் கேட்டாலே போதும். பெகிஸ்தூன் கல்வெட்டில் டேரியஸ் தன் சத்ரப்புகளைத் தன் அடிமை என்ற சொல்லால் குறிக்கிறான். இங்கே சிற்றரசர் தம் மேலரசனின் பெயரைத் தாமே தலையில் சூடிக்கொண்டார்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பாரசீகத்தின் சத்ரப் பெரும்பாலும் அரசன் அனுப்பி வந்தவன். கொடும்பாளூர் வேளிர் அம்மண்ணிலேயே வேர்விட்டவர்கள். அனுப்பப்பட்டவன் திரும்பிப் போகலாம். வேர்விட்டவன் எங்கே போவான்?

கொடும்பாளூர் மூவர்கோயிலில் உள்ள வடமொழிக் கல்வெட்டு, பூதி விக்கிரமகேசரியின் முன்னோர் வரிசையைச் சொல்லி, அவன் பல்லவர் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவக்கச் செய்தான் என்றும், வீரபாண்டியனை வென்றான் என்றும் பாடுகிறது. தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்து, காளாமுகத் துறவியான மல்லிகார்ச்சுனருக்குப் பெரிய மடம் ஒன்றையும் வழங்கினான். அம்மூன்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவது அடித்தளமாக மட்டும் எஞ்சியிருக்கிறது. அக்குடியின் மகளாகிய பூதி ஆதித்த பிடாரி, முதற் பராந்தகனின் மகன் அரிகுலகேசரியை மணந்தாள். அக்குடியைச் சேர்ந்த பராந்தகன் சிறியவேளான், சுந்தரசோழனின் படைத்தலைவனாக ஈழத்தில் போரிட்டு அங்கேயே மாண்டான். பெண் கொடுத்தார்கள், உயிரையும் கொடுத்தார்கள். பேரரசுக்குச் சிற்றரசு செலுத்தும் திறைகளில் இவையும் அடங்கும்.

முதலாம் இராசராசன் காலம் வந்தது. நாடுகளை இணைத்து வளநாடுகளாக்கினான்; அவற்றுக்குத் தன் பட்டங்களையும் வெற்றிகளையும் பெயராகச் சூட்டினான். பின்வந்தோரும் அவ்வழியே நடந்தார்கள். நம் வட்டாரத்துக் கல்வெட்டுகளில் சயசிங்ககுலகால வளநாடு, இரட்டபாடிகொண்ட சோழவளநாடு என்ற பெயர்களைப் படிக்கிறோம். நார்த்தாமலைக்குத் தெலுங்குகுலகாலபுரம் என்று பெயர். சாளுக்கியனையும் தெலுங்கனையும் கண்ணாலும் காணாத நம் உழவன், அவர்களை வென்றவனின் பெயரால் அமைந்த நாட்டில் ஏர் ஓட்டினான். இராசராசன் காலத்துக்குப் பின் இருக்குவேளிரின் செல்வாக்கு மெல்ல மங்குகிறது. முதலாம் இராசேந்திரன் இன்னும் ஒருபடி மேலே சென்றான்: பாண்டிய நாட்டை ஆளத் தன் மகனையே 'சோழபாண்டியன்' என்ற பட்டத்தோடு மதுரைக்கு அனுப்பினான். தம்பியைச் சார்திஸுக்கு அனுப்பிய டேரியஸின் வழி இதுவே. தமிழகத்தில் சத்ரப் என்று ஒருவரை முழுப்பொருளில் சொல்லலாம் என்றால், அது அந்தச் சோழ இளவரசனைத்தான்.

ஆனால் காலம் என்ன செய்தது என்று பாருங்கள். சயசிங்ககுலகாலன் என்று இன்று எந்த ஊராரும் தம் நாட்டைச் சொல்வதில்லை. தெலுங்குகுலகாலபுரம் என்றால் நார்த்தாமலைக்காரர் திகைப்பார். அன்னவாசல், நார்த்தாமலை, கொடும்பாளூர், கவிநாடு என்ற பெயர்கள் மட்டும் நிற்கின்றன. அரசாணையால் வந்த பெயர் அரசாணையோடு போயிற்று. மண்ணோடு பிறந்த பெயர் மக்கள் நாவில் தங்கிற்று.

பேரரசின் ஆளுநன் தானே அரசனாகும் விந்தையை இன்னும் தெளிவாகக் காட்டுவது பிற்கால வரலாறு. விசயநகரத்தின் சார்பில் மதுரையை ஆள வந்தவர் விசுவநாத நாயக்கர். அவர் வழியினர் தனியரசர் ஆனார்கள். அம்மதுரையின் முத்துக்கிருட்டிணப்ப நாயக்கர் 1605-ஐ ஒட்டிச் சடைக்கத் தேவரை இராமநாதபுரத்தில் சேதுபதியாக அமர்த்தினார். சேதுபதிகளும் நாளடைவில் தனியுரிமை பெற்றார்கள். அவர்களுள் புகழ்மிக்க கிழவன் சேதுபதி, தாம் மணந்த காதலி நாச்சியாரின் உடன்பிறந்தவரான இரகுநாதராயத் தொண்டைமானை 1686-ஐ ஒட்டிப் பல்லவராயருக்கு மாற்றாகப் புதுக்கோட்டையில் அமர்த்தினார், தொண்டைமான்களும் அரசர்களானார்கள். ஒரு விளக்கிலிருந்து மறுவிளக்கை ஏற்றுவதுபோல ஆளுநர்களே ஆளுநர்களை உண்டாக்கினார்கள். ஒவ்வொரு விளக்கும் தன் எண்ணெயில்தான் எரிவதாகச் சொல்லிக்கொண்டது. கேரியாவின் மௌசோலஸ் இவர்களைக் கண்டிருந்தால் தன் உறவினர் என்றே தழுவியிருப்பான்.

பின்னர் வந்த பேரரசு ஆங்கிலேயருடையது. இங்கே, யாருடைய ஆள் என்ற கேள்வி இனிமையாக இருக்காது. 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் தொண்டைமான் எல்லைக்குள் பிடிபட்டுக் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப்பட்டான். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். இதனைத் துரோகம் என்பாரும் உண்டு. தன் நாட்டைக் காக்க ஒரு சிற்றரசன் செய்த கணக்கு என்பாரும் உண்டு. தீர்ப்பு வழங்க நான் இங்கு வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். மேலரசனுக்கு உண்மையாக இருப்பவன் பக்கத்து நாட்டானுக்குப் பகைவனாக நேரிடும் என்பது இடைநிலை ஆட்சியின் சாபம். அந்தச் சாபத்தைப் பாடாமல் அரசர் புகழை மட்டும் பாடுவதும், அரசரைத் தூற்ற மட்டும் பாடுவதும் அரைகுறைப் பாட்டாகவே முடியும்.

1803-இல் கம்பெனி கீழாநிலைக் கோட்டையையும் அதைச் சார்ந்த பகுதியையும் தொண்டைமானுக்கு அளித்தது. அதற்கு ஈடாக ஆண்டுக்கு ஒரு யானை திறையாக வேண்டும் என்று விதித்தது. அந்த யானையை அவர்கள் வற்புறுத்திக் கேட்கவில்லை. 1836-இல் அந்த விதியையே நீக்கிவிட்டார்கள். 360 தாலந்துப் பொற்றூளோடு வாராத இந்த யானையை ஒப்பிட்டுப் பாருங்கள்! திறையின் பயன் பொருளில் மட்டும் இல்லை; கொடுப்பவன் யார், கொள்பவன் யார் என்று நினைவூட்டுவதிலும் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்ட ஆட்சியரே பல ஆண்டுகள் புதுக்கோட்டைக்கு அரசியல் முகவராகவும் இருந்தார். 'அரசனின் கண்' அங்கிருந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனினும், ஆரியாண்டஸுக்குக் கிட்டாத ஒன்று தொண்டைமானுக்குக் கிட்டியது. அதுதான் அம்மன் காசு. ஒருபுறம் பிரகதாம்பாள் உருவமும் மறுபுறம் தெலுங்கில் விசய என்ற எழுத்தும் பொறித்த சிறு செப்புக்காசு. ஓரணாவுக்கு 20 காசு. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு அதனையும் வழங்கினார்கள். 1889 முதல் அது இங்கிலாந்தின் பர்மிங்காமில் அடிக்கப்பட்டு வந்தது. பேரரசின் தாயகத்திலேயே அடிக்கப்பட்டாலும் அதில் அரசியின் முகம் இல்லை. திருக்கோகர்ணத்து அம்மன் முகமே இருந்தது. தம்மைப் பிரகதாம்பாதாசர் என்று அழைத்துக்கொண்ட தொண்டைமான்கள், யாருடைய ஆள் என்ற கேள்விக்குத் தம் காசின் வழியே ஒரு விடை சொல்ல முயன்றார்கள் என்று நான் கருதுகிறேன்.

1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974 சனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளன்று, புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. இன்று நம்மை ஆளும் அலுவலர் அரசு அனுப்பி வருகிறார். சில ஆண்டுகளில் மாறிச் செல்கிறார். சத்ரப்புக்கும் அவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு, மனு எழுதிக் கேட்கவும் வாக்களித்து மாற்றவும் உரிமையுள்ள மக்கள் நடுவில் அவர் இருக்கிறார் என்பதே. அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் வேறுபாடு பெயரளவில் நின்றுவிடும்.

இத்தனை காவலர்களில் யார் நினைக்கப்படுகிறார்கள்? சுதர்சன ஏரி அதற்கு ஒரு விடை சொன்னது. நம் மாவட்டமும் அதே விடையைச் சொல்கிறது.

பெரிய ஆற்றுப்பாசனம் இல்லாத நிலம் நம்முடையது. வானம் தந்ததை ஏந்தி வைக்க ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் குளங்களையும் நம் முன்னோர் வெட்டினார்கள். வரத்து வாய்க்காலும், கரையும், மடையும், மிகுநீர் வழியும் கலிங்கும் சேர்ந்ததுதான் ஒரு கண்மாய். நீர் நடுவே இரண்டு கல்தூண்கள் நிற்கக் காண்கிறோமே, அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு இடையே உள்ள கல்மூடியைத் தூக்கினால் நீர் கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். அத்தூண்களில் பலவற்றில், அதனை அமைத்துக் கொடுத்தவரின் பெயரும் ஊரும் வெட்டப்பட்டிருக்கின்றன. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வழிகேட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் கொடும்பாளூரை அடையாளம் சொல்லும்போது, அங்கே ஆண்ட வேளின் பெயரைச் சொல்லவில்லை. அவ்வூரின் பெரிய குளத்தைத்தான் சொல்கிறான். வழிநடப்பவனுக்கு ஆள்பவன் அடையாளமாவதில்லை; குளம் அடையாளமாகிறது. தொண்டைமான்களுக்கு முன் ஆண்டு இடம்பெயர்க்கப்பட்ட பல்லவராயர்களை நினைவூட்டுவதாக இன்று நகரின் நடுவில் நிற்பதும் ஒரு குளமே: பல்லவன்குளம். கோட்டை போயிற்று, குடி போயிற்று. குளத்தில் பெயர் தங்கிவிட்டது. 1878 முதல் 1894 வரை திவானாக இருந்த சேசையா சாத்திரியாரை இந்நகரம் நன்றியோடு நினைப்பதற்கும் தெருக்களைச் சீரமைத்துக் குளங்களைத் தூர்வாரிய பணி ஒரு காரணம்.

கவிஞர் பெருமக்களே, இதில் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு சோழர் காலக் கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி. அரசனின் வெற்றிகளைச் செறிந்த தமிழில் அடுக்கிச் செல்லும் அழகிய பகுதி. அதற்குக் கீழே வருவது நிலத்தின் நான்கெல்லை, நீர்ப்பாயும் வாய்க்கால், விளக்குக்கு வைத்த ஆடுகளின் எண்ணிக்கை, கையெழுத்திட்ட ஊரார் பெயர். இலக்கியம் பயில்வோர் பெரும்பாலும் மேற்பகுதியோடு நின்றுவிடுகிறோம். கீழ்ப்பகுதியை வரலாற்றாசிரியருக்கு விட்டுவிடுகிறோம். மேற்பகுதி பேரரசனுடையது, கீழ்ப்பகுதிதான் நம் ஊருடையது. பாரசீகத்தில் மாகாணத்து மக்கள் என்ன நினைத்தார்கள் என்று அறிய, அரசனின் பாறையையும் அயலாரான கிரேக்கரின் நூல்களையும் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. நமக்கு அந்த வறுமை இல்லை. நம் ஊரார் தாங்களே கல்லில் பேசியிருக்கிறார்கள். அக்கல்வெட்டுகளின் பாடங்களைப் புதுக்கோட்டைச் சமஸ்தானம் தொகுத்து 1929-இலேயே அச்சிட்டு வெளியிட்டது. சிறிய அரசு ஒன்று செய்த மிகப்பெரிய பணி அது.

அந்தக் குரல் இன்று இரண்டு வழிகளில் அழிகிறது. வரத்து வாய்க்கால் அடைபட்டுக் கண்மாய் வறண்டால், குமிழிக்கல் சாய்ந்து மண்ணில் புதைகிறது. கண்மாயின் பெயரை இளைய தலைமுறை மறந்தால், அது வெறும் பள்ளமாகி, நாளை மனைப்பிரிவாகிறது. கரையைக் காக்க அரசும் ஊராரும் வேண்டும். பெயரைக் காக்கக் கவிஞன் வேண்டும். பேர் தெரியாத குளத்தை மூடுவது எளிது. பாட்டில் ஏறிய குளத்தை மூட வருபவன் சற்றே தயங்குவான்.

ஆகவே இந்த வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். அடுத்த பத்தாண்டுகளில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கண்மாயின் பெயரையும், அதன் மடைகளின் பெயர்களையும், அங்கே எழுத்துள்ள கல் இருந்தால் அதன் பாடத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றைப் பற்றிக் கவிதை எழுதுங்கள். எழுத வராவிட்டால் பட்டியலாகவேனும் தாருங்கள். இருபதாம் ஆண்டு மலரில் அவை இடம்பெறட்டும். ஒரோயட்டஸின் ஆயிரம் வீரரையும் சில ஓலைகளின் எழுத்து அசைத்தது. அரசனின் முத்திரை நம்மிடம் இல்லை, எழுத்து இருக்கிறது.

காவலன் என்ற சொல்லுக்கு ஆட்சியைக் காப்பவன் என்று பாரசீகர் பொருள் கண்டார்கள். ஆட்சிகள் போய்விட்டன. காக்க வேண்டியதாக நம் கையில் எஞ்சியிருப்பது நீரும் பெயரும். அவற்றைக் காப்பவர் எவரோ அவரே இந்நாட்டின் காவலர்.